மாமனாரின் ஹெரால்டு: ஓட்டுவதா, விற்பதா?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் ஐந்தருவிச் சாலையில் கார்களுக்குக் குறைவிருக்காது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய புதுக் கார்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். நடுவில் 60 வருஷத்துப் பழைய கார் ஒன்று புட் புட் என்று போனால் போதும். அத்தனை பேரும் கண்ணாடியை இறக்கி அதைத்தான் பார்ப்பார்கள். பார்க்கிறவருக்குச் செலவில்லை. வைத்திருப்பவருக்கு?

தென்காசி வாசகி ஒருவரின் கேள்வி அதைப் பற்றியதுதான். அவர் மாமனார் வைத்திருந்த 1964 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கிறது. மாமனார் காலமாகிவிட்டார். ‘அப்பா ஞாபகமா சரிபண்ணி ஓட்டணும், பின்னாடி நல்ல விலைக்கும் போகும்’ என்கிறார் கணவர். ‘வித்துப் பங்கைப் பிரிச்சுக்கலாம்’ என்கிறார் கொழுந்தன். ‘அண்ணன் தம்பிக்குள் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. கணக்குப்படி யார் சொல்வது சரி?’ என்று கேட்டிருக்கிறார்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்

ஹெரால்டு நம் ஊர் வண்டி. சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் 1961-லிருந்து தயாரித்தது. மூலம், பிரிட்டனின் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலாட்டி. இதே ஹெரால்டின் சேஸைக் குறுக்கி, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரை ட்ரையம்ஃப் விற்றது. அதற்கும் உடல் வரைந்தவர் மிக்கெலாட்டிதான். ஆக, ஷெட்டில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன்!

இது வெறும் பெருமை இல்லை, லாபமும் உண்டு. ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் பிரிட்டனில் இன்றும் பலர் வைத்து ஓட்டும் கார்கள் என்பதால், இன்ஜின், சஸ்பென்ஷன், பிரேக் பாகங்கள் அங்கே இன்னமும் புதிதாகக் கிடைக்கின்றன. கப்பல் கூலி, சுங்க வரி கொடுத்து வரவழைக்கலாம். இந்தியாவில் மட்டுமே தயாரான நான்கு கதவு ஹெரால்டு என்றால் கதவுக்கும் கண்ணாடிக்கும் அந்த வசதி கிடையாது. 1964 வண்டிக்கு இரண்டு கதவுதான். அந்த விதத்தில் அதிர்ஷ்டம்.

விலை எங்கிருந்து வருகிறது?

2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியா ஏலம் ஒன்றில் 1962-ம் வருஷத்து ஃபெராரி 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 340 கோடி ரூபாய். 2022-ல் மெர்சிடஸ் 300 எஸ்எல்ஆர் கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. இதுபோன்ற செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலர், ‘பழைய காருக்கு விலை ஏறிக்கிட்டே இருக்கும்’ என்று நம்புகிறார்கள்.

ஆனால், அந்த ஃபெராரியில் மொத்தமே 36 வண்டிகள்தான் செய்தார்கள். அந்த மெர்சிடஸில் இரண்டே இரண்டு. விலையைத் தூக்கியது வயது அல்ல; அபூர்வம், பந்தய வரலாறு, அதை நிரூபிக்கும் ஆவணம். ஹெரால்டு 948 சிசி இன்ஜின் கொண்ட குடும்பக் கார். அதன் விலையைத் தீர்மானிப்பவை வேறு. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா? ஒரிஜினல் இன்ஜின் இருக்கிறதா, இல்லை நடுவில் யாராவது வேறு இன்ஜினை மாட்டிவிட்டார்களா? சேஸ் துருப்பிடிக்காமல் இருக்கிறதா? பழைய ரசீதுகள், சாவி, கையேடு பத்திரமா? மாமனார் ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் இவற்றைப் போட்டு வைத்திருந்தால், அந்தப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் விலை.

சாரல் அருவிக்கு நல்லது, தகரத்துக்கு அல்ல

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றுதான் தென்காசிக்கு வரம். தகரத்துக்கு அதுவே சாபம். ஹெரால்டைத் தூக்கி நிறுத்தி, சேஸின் பக்கவாட்டுக் கைகள், தரைத் தகடு, டிக்கி அடிப்பாகம் மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் டிங்கரிங் செலவு கூடும். மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும். உள்ளே அரிப்பது நிற்காது. ‘முழுசா முடிச்சுத் தர்றேன், இவ்வளவு ஆகும்’ என்று மொத்தமாகப் பேசாமல், வேலை வேலையாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் துருவை உண்டாக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாற்றுவது முதல் வேலை. இன்னொன்று, அந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் போட்டுவிட்டால் பிறகு கவலையில்லை.

செலவு எதில் குறைந்தாலும் பிரேக்கில் குறையக் கூடாது. பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் முறையில் இயங்குவதால், வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று பிரேக் அடித்தால் பின்பக்கம் தடுமாறும். புளியரை எஸ் வளைவில் வீரம் காட்டும் வண்டி இது அல்ல.

ஆர்.டி.ஓ. கணக்கு

20 வருஷத்தைத் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க, 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய். ஐந்து வருஷம் செல்லும். பசுமை வரி தனி. ஆர்.சி. காலாவதியாகிக் கிடந்தால் தாமதக் கட்டணமும் சேரும்.

இன்னொரு வழி, 50 வருஷத்தைத் தாண்டிய, உருமாற்றாத வண்டிகளுக்காக 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். மறுபதிவு 5,000. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸிலும் பாதி தள்ளுபடி உண்டு. 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு 2022-ல் நிர்ணயித்த பிரீமியம் 2,094 ரூபாய். அதில் பாதி.

பத்து வருஷத்துக்கு இரண்டு வழியிலும் கட்டணம் 20,000 ரூபாய்தான். வித்தியாசம் வேறு இடத்தில். விண்டேஜ் பதிவு வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். வழக்கமான போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போக வேண்டும் என்றால் சாதாரணப் பதிவுதான் சரி.

பத்து வருஷக் கணக்கு

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இன்றைய நிலையில் வண்டி 1 லட்சம் பெறும். சரிசெய்ய 3 லட்சம். வருஷத்துக்குப் பராமரிப்பு 25,000. பதிவுக்கு 20,000. உங்கள் வண்டிக்கான தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்ற 1 லட்சத்தையும், சரிசெய்யும் 3 லட்சத்தையும் 7 சதவீத வட்டியில் போட்டால் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 7.87 லட்சம். பராமரிப்பும் பதிவும் 2.70 லட்சம். மொத்தம் சுமார் பத்தரை லட்சம். அன்றைக்கு அந்த விலைக்குப் போனால்தான் கையைக் கடிக்காது. ஹெரால்டுக்கு அவ்வளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆக, ‘பின்னாடி விலை போகும்’ என்ற வாதத்தில் கொழுந்தன் பக்கம்தான் நியாயம்.

அதே கணக்கை இன்னொரு விதமாகப் பாருங்கள். கையிலிருந்து போவது பத்து வருஷத்தில் 5.70 லட்சம். மாதத்துக்கு 4,750 ரூபாய். முதலீடாக நினைத்தால் நஷ்டம். அப்பாவின் வண்டியில் பேரப்பிள்ளைகள் போய்வருவதற்கான செலவு என்று நினைத்தால், அது உங்கள் வீட்டு வரவுக்குள் அடங்குமா என்பதுதான் கேள்வி. கடன் வாங்கித்தான் முடியும் என்றால் வேண்டாம். அடங்கும் என்றால் உங்கள் கணவர் தாராளமாக ஆசைப்படலாம்.

வரி உண்டா?

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை லாபத்துக்கு விற்றால் மூலதன ஆதாய வரி பொதுவாகக் கிடையாது. ஆனால், சொந்தமாகப் பயன்படுத்தினோம் என்று காட்ட முடிய வேண்டும். 1931-ம் வருஷத்து ஃபோர்டு ஒன்றை 20,000 ரூபாய்க்கு வாங்கி 21 லட்சத்துக்கு விற்ற வழக்கில், அதை ஓட்டியதற்கு ஆதாரம் இல்லாததால் லாபத்துக்கு வரி உண்டு என்று 2025-ல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெட்ரோல் பில், ஒர்க்‌ஷாப் ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் குடும்பத்தைக் கூப்பிடுங்கள். உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. நாத்தனார் இருந்தால் அவருக்கும் உண்டு. கார் அண்ணன் தம்பி விவகாரம் மட்டும் அல்ல.

பிறகு, பழைய கார் தெரிந்த, வாங்க விருப்பமில்லாத இரண்டு பேரிடம் இன்றைய விலையை எழுதி வாங்குங்கள். வாங்க வருகிறவர் சொல்வது மதிப்பு அல்ல, பேரம். அந்த விலையில் மற்றவர்களின் பங்கை உங்கள் கணவர் பணமாகக் கொடுத்துவிடட்டும். வாரிசுச் சான்றிதழ், மற்றவர்களின் சம்மதக் கடிதம், படிவம் 31 ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை அவர் பெயருக்கு மாற்றட்டும். பெயர் மாறும்வரை ஒரு ரூபாய்கூட வண்டியில் போட வேண்டாம். போட்ட பணத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற அடுத்த சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

இதற்கெல்லாம் சில மாதங்கள் ஆகும். அதுவரை வண்டிமேல் பிளாஸ்டிக் ஷீட் போடாதீர்கள். ஈரத்தைப் பூட்டி வைக்கும். பருத்தித் துணி போதும். டேங்கைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி, சக்கரங்களைக் கட்டையில் ஏற்றி வையுங்கள். அண்ணனோ தம்பியோ, யார் கைக்குப் போனாலும் வண்டி நன்றாக இருக்க வேண்டும் அல்லவா?