பேசக் கற்பிக்கும் அளவுக்குக் கேட்கவும் கற்பிக்க வேண்டும்: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்குப் பயிற்சி பெறுபவர், அனுமதிகளைப் பிழையின்றிச் சொல்லப் பழக்கப்படும் அதே கண்டிப்போடு, விமானி தரும் பதிலில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கவும் பழக்கப்பட வேண்டும் என்பதும், இந்தத் திறன் தனியாகச் சோதிக்கப்படாத எவரையும் உண்மையான விமானங்கள் பேசும் அலைவரிசையில் அமர்த்தக் கூடாது என்பதும் இச்சங்கத்தின் நிலைப்பாடு.

உயரம், திசை, ஓடுபாதை ஆகியவை தொடர்பாகக் கட்டுப்பாட்டாளர் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. இது ‘ரீட்பேக்’ எனப்படும். திரும்பி வந்த சொற்கள் தாம் சொன்னவைதானா எனக் கட்டுப்பாட்டாளர் கூர்ந்து கேட்டு, மாறியிருந்தால் அக்கணமே திருத்துவது ‘ஹியர்பேக்’ எனப்படும். முன்னது எல்லோர் காதிலும் விழுகிறது. பின்னது ஓசையின்றி நடப்பதால், அது நடந்ததா இல்லையா என்பதை அருகில் அமர்ந்திருக்கும் பயிற்றுநரால்கூட எளிதில் சொல்ல முடிவதில்லை. பயிற்சியில் இத்திறன் பின்தங்கிப் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என இச்சங்கம் கருதுகிறது.

1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்கலாம் என்ற அனுமதி ‘டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப்பட்டது. முதல் இலக்கமான ‘டூ’வை விமானிகள் எண்ணாகக் கொள்ளாமல், இன்ன உயரத்துக்கு என்பதைக் குறிக்கும் ‘டு’வாக எடுத்துக்கொண்டு, ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ எனப் பதிலளித்தனர். இரண்டாயிரம் அடி குறைந்துபோன அந்தப் பதிலைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எவரும் திருத்தவில்லை. 400 அடியை நோக்கி இறங்கிய விமானம் மலைச்சரிவில் மோதியதில் அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். தரையிறங்கும் வரைபடத்தைச் சரிபார்க்காததும், தரை நெருங்குவதை உணர்த்தும் எச்சரிக்கை ஒலித்தபின்னும் மேலே ஏறாததும் விமானிகளின் தவறுகளே, அதில் ஐயமில்லை. எனினும் அந்த ஒலி எழுவதற்கு முன்பே பிழை அலைவரிசையில் தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது என்பதையும், திருத்துவதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

அந்த விமானிகள் அமெரிக்கர்கள் என்பதால், தகவல் பிறழ்வு என்றாலே ஆங்கில அறிவுக் குறைவு என்று முடிவுகட்டும் பழக்கத்தை இச்சங்கம் ஏற்கவில்லை. மொழிக் குறைவு கொடிய விளைவைத் தரக்கூடியது என்பதற்கு, 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி, கசகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் மாண்ட விபத்தே சான்று; 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம், எதிரே 14,000 அடியில் ஒரு விமானம் வருகிறது என்று டெல்லியிலிருந்து சொல்லப்பட்ட பின்னரும் கீழே இறங்கியிருந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பின்னர் ஆறு நிலைகள் கொண்ட மொழித்தகுதி அளவுகோலை வகுத்து, விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் குறைந்தது நான்காம் நிலையை எட்ட வேண்டும் என்றது. அந்த விதி அவசியமானது. ஆனால் அது மொழியறிவை அளக்கிறதே தவிர, நெரிசல் நேரத்தில் தவறான பதிலைப் பிடிக்கும் கவனத்தை அளப்பதில்லை.

பதில் சரியாக இருந்தும் புரிதல் தவறலாம் என்பதை டோக்கியோவின் ஹனேடா காட்டியது. 2024 ஜனவரி 2 அன்று அங்கே கடலோரக் காவல் படை விமானத்திடம், வரிசையில் முதலாவது என்று சொல்லி, ஓடுபாதைக்கு வெளியே உள்ள சி5 நிறுத்தப் புள்ளி வரை செல்லுமாறு பணிக்கப்பட்டது. அவ்விமானமும் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னது. ஆனால் ஓடுபாதைக்குள் நுழையவே அனுமதி கிடைத்துவிட்டதாக அதன் தலைமை விமானி எண்ணிக்கொண்டார். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியதில் காவல் படையினர் ஐவர் இறந்தனர்; பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறியது பெரும்பேறு. ஆகவே ஹியர்பேக் என்பது சொற்களை ஒப்பிடுவதோடு முடியாமல், சொன்னபடிதான் விமானம் நகர்கிறதா எனத் திரையிலும் சாளரத்திலும் பார்த்து உறுதி செய்வதையும் உள்ளடக்கியதாகவே கற்பிக்கப்பட வேண்டும்.

பயிற்சிக்கூடத்துச் சிமுலேட்டரில் விமானிகளாகக் குரல் கொடுப்பவர் பக்கத்து அறையில் அமர்ந்து, ஒருவரே பல விமானங்களுக்காகப் பேசுகிறார். பயிற்சி பெறுபவரின் காதுக்குப் பழகிப்போன அந்த ஒரே குரல், இரைச்சல் இல்லாமல், பெரும்பாலும் சரியான பதிலையே தருகிறது. நாள்தோறும் சரியான பதிலையே கேட்டுப் பழகிய செவி, தான் எதிர்பார்ப்பதையே கேட்கத் தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட செவியோடுதான் அவர் வங்கக் கடலுக்கு மேலே பல நாட்டு உச்சரிப்புகளைக் கேட்கும் சென்னை போன்ற மையங்களுக்கு அனுப்பப்படுகிறார்.

எனவே ஒவ்வொரு சிமுலேட்டர் பாடத்திலும் முன்னறிவிப்பின்றித் தவறான ரீட்பேக்குகள் கலக்கப்பட்டு, பிடிபட்டவையும் தப்பியவையும் எண்ணிக் குறிக்கப்பட வேண்டும். ஒத்தொலிக்கும் அழைப்புப் பெயர்கள், பலவகை உச்சரிப்புகள், பாதியில் அறுந்த பதில்கள் ஆகியவற்றோடு, 1977இல் டெனெரிஃபேயில் 583 பேரைப் பலிகொண்ட விபத்தில் நிகழ்ந்ததைப் போல இருவர் ஒரே நொடியில் பேசியதால் செய்தி மறைந்துபோகும் நிலையும் பாடத்தில் இடம்பெற வேண்டும். இதற்குக் கூடுதல் ஆட்களும் நேரமும் தேவை என்பதும், ஆள் பற்றாக்குறையுள்ள மையங்கள் பயிற்சிக் காலத்தைச் சுருக்கவே விரும்புகின்றன என்பதும் இச்சங்கம் அறியாததன்று. ஆயினும் குறைக்கக் கூடாத பகுதி இதுவே. ‘மீண்டும் சொல்லவும்’ எனக் கேட்கும் பயிற்சி மாணவரைத் தடுமாறுகிறார் என்று குறைத்து மதிப்பிடும் வழக்கம் உடனே கைவிடப்பட்டு, ஐயம் எழுந்தபோது கேட்காமல் விட்டதற்கே மதிப்பெண் குறைக்கப்பட வேண்டும்.