மேடை வாளும் தீட்டுக்கல்லும்

தமிழர் மேடைகளில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தியபின் வீரவாள் ஒன்றைக் கையில் கொடுப்பது நெடுநாள் வழக்கம். தலைவர் அதனை உயர்த்திப் பிடிப்பார், நிழற்படம் எடுக்கப்படும், அரங்கம் அதிரும். மறுநாள் வாள் அலமாரிக்குள் போய்விடும். பளபளக்கும் முலாமே அதன் பெருமை. வெண்டைக்காயைக்கூட அது வெட்டாது. வாள்வீரம் பேசி வாய் ஓயாத சமுதாயம், வாளைப் பற்றி அறிந்து வைத்திருப்பது பெரும்பாலும் இவ்வளவே.

இதற்கு நேர்மாறான இன்னொரு வாளும் உண்டு. 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாளில் நீண்ட அரிவாளால் அணிச்சல் வெட்டப்பட்டது. காவல்துறை சுற்றி வளைத்துப் பலரைப் பிடித்தது. மலேசிய இளைஞர் சிலருக்கும் பாராங் என்றால் இந்த நினைவே எழுகிறது. ஆகவே, பழைய வாள்களைச் சேர்க்கும் ஆர்வலர் சிலர் ஒன்றுகூடி, ஒருவர் வாளை மற்றவர் தீட்டிக் காட்டுகிறார்கள் என்று கேட்டவுடனே, “இது ரவுடிகளின் வேலையன்றோ?” என்று சங்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அட்டை வாளுக்குக் கைதட்டும் அதே பெரியவர்கள்தாம்!

அந்த ஆர்வலர் செய்வது யாது? முதலில் வாளையே தொடுவதில்லை. விலை மலிந்த சமையற்கத்தியில் கை பழகுகிறார்கள். கூர்முனையில் மை பூசிக் கல்லில் இரண்டு முறை இழுத்தால், மை அழிந்த இடம் கல் எங்கே படுகிறது என்பதைக் காட்டிவிடும். சாய்வு தவறினால் பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருகிறார். சொரசொரப்பான கல்லிலிருந்து நுண்கல்லுக்குப் படிப்படியாகப் போக வேண்டும்; மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழுந்ததை விரல் உணர்ந்த பின்னரே பக்கம் மாற்ற வேண்டும். இந்தப் பொறுமை கைவந்தவனுக்கு ஆயுதத்தை வீதியில் வீசிக்காட்டும் வெறி வருவது அரிது.

இது தமிழருக்குப் புதிதா என்றால், தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய முதியவர்களைக் கேட்டாலே போதும். மலாக்கோப் போன்ற தோட்டங்களில் விடியுமுன்னே பிரட்டுக்களத்திற்கு ஓடியவர்கள் அவர்கள். பால் வெட்டும் கத்தி மழுங்கினால் பட்டை சீவப்படாது, நசுங்கும். சற்று ஆழ்ந்துவிட்டால் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அங்கே மறுபடி வெட்டுவது கடினம். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனத்தில் பட்டையைச் சீவி எடுக்கும் கைக்கு, கூர்மை என்பது வீரமன்று, சோறு. தந்தை கல்லில் நீர் தெளித்துத் தீட்ட, பிள்ளை அருகிலிருந்து கற்றது. ரப்பர் நிலங்கள் பெரிதும் செம்பனைக்கு மாறியபின் அந்தக் கல்வியும் வீட்டைவிட்டு வெளியேறியது. அதற்கு ஒரு வரி நினைவஞ்சலி எழுதவும் எந்தச் சங்கத்திற்கும் தோன்றவில்லை.

இழப்பு இதனோடு நிற்கவில்லை. மேல்நாட்டார் ‘ஊட்ஸ்’ என்று அழைத்த எஃகின் பெயர், உக்கு, உருக்கு என்னும் தென்னாட்டுச் சொற்களின் திரிபென்று அறிஞர் கூறுவர். கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் எஃகு காய்ச்சியதன் தடயங்கள் கிடைத்துள்ளன. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் அந்த எஃகை ஆராய்ந்தார். அதிலிருந்து எழும் நீரோட்டம் போன்ற கோலத்தை மீண்டும் உண்டாக்கிக் காட்டியவர் யார்? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் குதிரைக்கு லாடம் அடித்த ஆல்பிரட் பெண்ட்ரே. உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அவருக்குத் துணைநின்றார். எஃகில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களுக்கு அக்கோலத்தில் பங்குண்டு என்று 1998இல் அவர்கள் எழுதினார்கள். தமிழர் அந்நேரம் எந்த மேடையில் எந்த வாளை உயர்த்திக்கொண்டிருந்தார்களோ!

எனினும் ஆர்வலரையும் ஓரிடத்தில் கண்டிக்கத்தான் வேண்டும். கையில் கிடைத்த பழைய வாளையெல்லாம் மின்சாணையில் வைத்துவிடுவோர் அவர்களிலும் உண்டு. முனை சூடேறி நீலம் பாய்ந்தால் அவ்விடத்தின் உறுதி போயிற்று. மேற்பரப்பைத் தேய்த்தால் கோலமும் கொல்லன் கைக்குறியும் போயின. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டில் 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டபோது சில ஆயுதங்கள் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. மிகப் பல உடைபட்டுப் பழைய இரும்பாயின. எஞ்சியதையும் ஆசையால் அழிப்பது என்ன ஆர்வம்? மலாய் அன்பர்கள் பழைய கிரிஸைத் தீட்டிக் கெடுப்பதில்லை. எலுமிச்சைச் சாற்றால் துருநீக்கி, பாஷாணக் கரைசலால் கோலத்தை எழுப்பி, எண்ணெய் பூசி வைக்கிறார்கள். எதைத் தீட்டலாகாது என்பதும் தீட்டுவோன் கற்கவேண்டிய பாடமே.

சட்டம் குறுக்கே நிற்கும் என்பது சிலரின் சாக்கு. பொது இடத்தில் ஆயுதம் ஏந்துவதை மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். ஆனால் சமையற்கத்தியையும் தீட்டுக்கல்லையும் சங்கக் கட்டடத்து மேசைமேல் வைத்துப் பழகுவதற்கு வாளே தேவையில்லை. பொன்னாடைக்கும் வீரவாளுக்கும் ஒதுக்கும் பணத்தில் கற்கள் வாங்கலாம். கற்றுக்கொடுக்கப் பால்மரக் காட்டில் பழகிய கைகள் தாசேக் கெலுகோரில் இன்னும் இருக்கின்றன. அவர்களை மேடைக்கு அழைத்துத் துண்டு போர்த்தி அனுப்பிவிடாமல், கல்லின் முன் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.