எழுத்துப் பிழையும் ஏளனச் சிரிப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஆங்கிலச் சொல்வதெழுதுதல் நடத்தினேன். மாணவி ஒருத்தி, தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ என்னும் சொல்லை, இடையில் வரும் ‘எஸ்’ இல்லாமல் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்ததோடு நான் நிற்கவில்லை. அவள் நோட்டை உயர்த்திக் காட்டி, “இப்படியும் ஒரு தீவு உலகத்தில் உண்டா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அந்தப் பெண் ஆங்கில வகுப்பில் கை உயர்த்தியதே இல்லை. அடுத்த ஆண்டு தந்தைக்கு மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

பின்னர் ஆங்கில மொழியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது நான் தலைகுனிந்தேன். அந்தச் சொல்லில் தொடக்கத்தில் ‘எஸ்’ இருந்ததே இல்லை. பல நூற்றாண்டுகள் ஆங்கிலேயர் அதை ‘எஸ்’ இல்லாமலே எழுதி வந்தனர். தீவையே குறிக்கும் ‘ஐல்’ என்னும் வேறொரு சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அதோடு இதற்கு உறவுண்டு என்று தவறாக எண்ணி, 16-ஆம் நூற்றாண்டில் அதிலிருந்த ‘எஸ்’ஸை இதிலும் நுழைத்துவிட்டனர். படித்தவர்கள் செய்த பிழை இன்று சரியாகிவிட்டது. பழைய சரி இன்று பிழையாகிவிட்டது!

இது ஒரு சொல்லின் கதை மட்டுமன்று. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்னும் சொல்லில் ‘பி’ ஒலிப்பதில்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. லத்தீன் மூலத்தை நினைவூட்டவே அறிஞர் பின்னர் சேர்த்தனர். ஆவியைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்னும் சொல்லில் ‘எச்’ வந்த கதை இன்னும் சுவையானது. 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், அதற்குமுன் பல ஆண்டுகள் பிளாண்டர்ஸ் பகுதியில் வாழ்ந்தவர். அப்பகுதியின் எழுத்து வழக்கே அவரது அச்சகத்தின் வழியாக இச்சொல்லில் புகுந்தது என்பர்.

மகாகவி ஷேக்ஸ்பியரின் கையொப்பங்களாக நமக்குக் கிடைத்துள்ளவை ஆறு. அவற்றில்கூட அவர் தம் பெயரை ஒரே விதமாக எழுதவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில் ‘மியூசிக்’, ‘பப்ளிக்’ ஆகிய சொற்களின் இறுதியில் ‘கே’ இருந்தது. இன்று அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும். பழைய ஆங்கில ஜெபப்புத்தகங்களில் ‘ஷோ’ என்னும் சொல் ‘ஓ’வுக்குப் பதில் ‘இ’ இட்டு அச்சாகியிருப்பதைப் பெரியோர் சிலர் கண்டிருக்கலாம்.

வட்டார வழக்குகளையும் பாருங்கள். ‘லைட்’, ‘நைட்’ ஆகிய சொற்களில் நாம் எழுதியும் ஒலிக்காத ‘ஜி-எச்’ ஒருகாலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தது. ஸ்காட்லாந்தின் வட்டாரப் பேச்சில் இன்றும் அது ஒலிக்கிறது; அங்கே அதைச் ‘சி-எச்’ இட்டு எழுதுவர். இங்கிலாந்தின் தென்மேற்கில் ‘எஃப்’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ ஒலிப்பது பழைய வழக்கம். அதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று நகரத்தார் நகைத்ததுண்டு. ஆனால் பெண் நரியைக் குறிக்கும் ‘விக்ஸன்’ அந்த வழியில் வந்த சொல்தான். நரிக்கு ‘ஃபாக்ஸ்’ என்று ‘எஃப்’ இருக்க, அதன் பெண்ணுக்கு மட்டும் ‘வி’ வந்தது இப்படித்தான். நகைக்கப்பட்ட வழக்கு அகராதியில் இடம் பிடித்துவிட்டது அன்றோ?

“அப்படியானால் எப்படி எழுதினாலும் சரிதானே, டீச்சர்?” என்று மாணவியர் கேட்கக்கூடும். இல்லை, கண்மணிகளே! சாலையில் இடப்புறம் செல்வது போன்றதே எழுத்து விதியும். எல்லோரும் ஒத்துக்கொண்டு ஒரே வழியில் சென்றால்தான் படிப்பவர் தடையின்றிப் படிக்க முடியும். தேர்விலும், விண்ணப்பத்திலும், வேலையிலும் அவ்விதி உங்களுக்குத் தேவை. ஆகவே ‘எஸ்’ஸைப் போடத்தான் வேண்டும், பத்து முறை எழுதிப் பார்த்தாவது மனத்தில் இருத்தத்தான் வேண்டும்.

ஆனால் விதியை அறியாமை வேறு, அறிவின்மை வேறு. காதில் கேட்டதைக் கருத்தோடு எழுதிய குழந்தை சிந்தித்திருக்கிறாள் என்றே பொருள். நம் பாட்டிமாரின் பழைய கடிதங்களில் ‘லை’யும் ‘னை’யும் தும்பிக்கை உயர்த்திய வடிவில் இருக்கும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்காகப் பாட்டிமார் எழுதியதைப் பிழை என்போமா?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: மகளின் நோட்டில் சிவப்புக் கோடு கண்டால், அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடாமல் அருகில் அமர்ந்து திருத்துங்கள். மாணவியரே, தோழி தவறாக எழுதினால் மெல்லச் சொல்லிக் கொடுங்கள், சிரிக்காதீர்கள். ஆசிரியையரான நமக்கோ, திருத்துவது கடமை, நகைப்பது உரிமையன்று.

இப்போது ‘ஐலண்ட்’ பாடம் வரும்போதெல்லாம் அந்த ‘எஸ்’ஸின் கதையை வகுப்பில் சொல்லிவிட்டே சொல்வதெழுதுதல் நடத்துகிறேன். மாணவியர் சிரிக்கின்றனர், அந்தச் சிரிப்பு ‘எஸ்’ஸைப் பார்த்து. ஆனால் முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டியவள் இன்று எந்த ஊரில் இருக்கிறாளோ, நான் அறியேன். இந்த மலர் எப்படியாவது அவள் கைக்குக் கிடைக்குமானால், அவள் அறிந்துகொள்ளட்டும்: அன்று அந்த வகுப்பில் பெரிய பிழை செய்தவள் அவளல்லள்.