டீசல் மெக்கானிக் வேலைக்குப் படிப்பு எதற்கு?

"மெக்கானிக் வேலைக்குப் படிப்பு எதற்கு? பட்டறையில் விட்டால் பையன் தானாகக் கற்றுக்கொள்வான்."

இப்படிச் சொல்லும் தகப்பனார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நேற்று வரை நியாயம் இருந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத மேஸ்திரிகள்தான் நம் லாரிகளை ஓட வைத்தார்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காது லேசில் வராது.

ஆனால் என்ஜின் மாறிவிட்டது.

டீசல் என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறதல்லவா? அதேதான். அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். 1897-ல் ஜெர்மனியில் ருடால்ப் டீசல் ஓட்டிக்காட்டிய என்ஜினும் இப்படித்தான் ஓடியது. 1900-ல் பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில்கூட ஓட்டினார்கள். இன்று விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது!

மாறியது எது? டீசலைப் பீச்சும் முறை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நாடு முழுவதும் வந்தது. புது லாரியில் எப்போது, எவ்வளவு டீசல் பீச்ச வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. டீசல் குழாயில் உள்ள அழுத்தம், சைக்கிள் டயரில் இருப்பதைப்போல் பல நூறு மடங்கு.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. டீசல் கசிந்தால் பட்டறைப் பையன் குழாயைக் கையால் தடவிப் பார்ப்பான். புது என்ஜின் ஓடும்போது அப்படித் தடவினால், டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அதிகம் இருக்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். இதைச் சொல்லித்தராமல் ஒரு பிள்ளையை என்ஜின் பக்கம் விடலாமா?

இன்னொரு சங்கதி. பெரிய பி.எஸ்.6 லாரிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியா கலந்த நீர் தனித் தொட்டியில் இருக்கும். அது தீர்ந்தால் வண்டியின் இழுவை குறைந்துவிடும். விவரம் தெரியாதவர் என்ஜினையே பிரித்துப் போடுவார். லாரிக்காரருக்கு வாடகை போச்சு! விவரம் தெரிந்தவர் ஒரு கருவியை மாட்டுவார். அதில் வரும் குறியீட்டைப் படித்துக் காரணத்தைச் சொல்வார். படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் விஷயம்.

ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் படிப்பு 1 வருஷம். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பெண் பிள்ளைகளும் சேரலாம். முடித்தபின் 1961-ம் வருஷத்து அப்ரண்டீஸ் சட்டப்படி கம்பெனியில் உதவித்தொகையுடன் பழகலாம். ஏற்கெனவே பட்டறையில் வேலை செய்கிறவர்கள், தகுந்த படிப்பும் அனுபவமும் இருந்தால் தனித்தேர்வராகத் தேர்வு எழுத வழி உண்டு. பக்கத்து ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள்.

சேர்க்குமுன் பிள்ளையுடன் ஒரு நடை போய்ப் பாருங்கள். புதுவகை என்ஜின் இருக்கிறதா? பிள்ளைகளே அதைப் பிரித்துப் பூட்டுகிறார்களா, அல்லது துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களா? மூடி வைத்திருந்தால், அடுத்த ஊர் நிலையத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.