அரிசியை விட்டுட்டேன் சார்!

டெல்லிக்கு வந்து பதினெட்டு வருசம் ஆச்சு. எந்தத் தமிழ்க் குடும்பத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் இந்த வசனம் தவறாம காதுல விழும். "நான் அரிசியை விட்டுட்டேன் சார்." சொல்றவர் முகத்தைப் பாக்கணுமே... காசிக்குப் போய் கத்திரிக்காயை விட்டுட்டு வந்த களை அப்படியே இருக்கும். பக்கத்துல உக்காந்து சோத்துல சாம்பார் பிசையுற நமக்குத்தான் ஏதோ தப்பு பண்ற மாதிரி கூச்சமா இருக்கும்.

இனிமே கூச்சப்படாதீங்க. அவர் விட்டது அரிசியை மட்டும்தான்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. அந்தச் சங்கத்துல மூணு வருசம் உறுப்பினரா இருந்திருக்கேன். 2021-ல் ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை பண்ணாங்க. எனக்கு எச்.பி.ஏ.1.சி. 6.1. இது 5.7-லேர்ந்து 6.4 வரைக்கும் இருந்தா சர்க்கரை நோயோட வாசப்படியில நிக்கறோம்னு அர்த்தம். இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. இந்திய ஆம்பளைக்கு 90-ஐயும் பொம்பளைக்கு 80-ஐயும் தாண்டக்கூடாது. ரிப்போர்ட்டைப் பாத்தவர் அரை நிமிசத்துல தீர்ப்பு சொன்னார். "சாவல் பந்த். ரொட்டி காவோ."

அன்னிலேர்ந்து வீட்ல ராத்திரி ரெண்டு அடுப்பு. அம்மாவுக்கும் பசங்களுக்கும் ரசம் சாதம், எனக்கு மட்டும் சப்பாத்தி. தங்கமணியும் நாள் பூரா ஆணி புடுங்கிட்டு வர்றவதான். வந்து ஒம்பது மணிக்கு எனக்காகத் தனியா மாவு தேய்ச்சா. நான் உருளைக்கிழங்கு சப்ஜியோட ஆறு சப்பாத்தி உள்ளே தள்ளிட்டு, கடைசியா "வயித்துக்கு ஒத்துக்கும்"னு ஒரு கரண்டி தயிர்சாதம். 2024-ல் திரும்பப் பாத்தா எடை மூணு கிலோ ஏறியிருக்கு, 6.1 இப்ப 6.3. தங்கமணிக்குத் தோள்பட்டை வலி. இதுதான் மூணு வருசத் தவத்தோட பலன்.

அப்பறம்தான் கணக்கு போட்டேன். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு, சுமார் 100 கலோரி. ஆறுக்கு 600. நெய் தடவினது தனி. ஒரு கப் சோறு கிட்டத்தட்ட 200 கலோரி. ஆக நான் தினம் மூணு கப் சோத்தைத்தான் வட்டமா தேய்ச்சுச் சாப்பிட்டிருக்கேன்!

கோதுமை மாவுல நார்ச்சத்து கூட, புரதமும் கொஞ்சம் கூட. அதை மறுக்கல. அதுக்காக ஆறு சப்பாத்தி மருந்தாயிடுமா?

இது என் சமையக்கட்டுக் கணக்கு மட்டும் இல்ல. ஐ.சி.எம்.ஆரும் சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் நாடு முழுக்க எடுத்த ஆய்வு, 2025-ல் நேச்சர் மெடிசின் இதழ்ல வந்துச்சு. நம்ம நாட்டு ஆளுங்க சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காம, வெள்ளை அரிசிக்குப் பதிலா கோதுமை மாவு, சிறுதானிய மாவுன்னு மட்டும் மாத்தினா சர்க்கரை நோய் அபாயம் குறையலை. அதுல ஒரு பங்கைப் பருப்பு, பால் வகைப் புரதமா மாத்தினாத்தான் குறையுது. இதே குழு 2023-ல் வெளியிட்ட கணக்குல சர்க்கரை நோயாளிகள் சண்டிகர்ல 20.4 சதவீதம், டெல்லியில 17.8. ரெண்டும் ரொட்டி தின்னற ஊர். (ரெண்டும் நகரம், அதுவும் ஒரு காரணம். ஆனா ரொட்டி காப்பாத்தலையே!)

அப்ப கோளாறு எங்கே? நம்ம பேச்சுலயே இருக்கு. பொரியலுக்கு நாம வெச்ச பேரு "தொட்டுக்க". காய்ங்கறது தொட்டுக்கறதுக்குத்தான், அள்ளிச் சாப்பிட இல்ல. தட்டுல மலை மாதிரி சோறு, ஓரத்துல ஒரு ஸ்பூன் பீன்ஸ். சாம்பார்ல பருப்பைத் தேடணும். ஐ.சி.எம்.ஆரோட தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தட்டுல பாதி காய், கீரை, பழம் இருக்கணும்ங்குது. நம்ம வீட்ல பாதித் தட்டுக்குக் காய் வெச்சா "யாராவது விருந்தாளி வராங்களா?"ன்னு பையன் கேப்பான்.

இப்ப எங்க வீட்ல முதல்ல கூட்டோ சுண்டலோ ஒரு கிண்ணம் நிறைய. அதை முடிச்சப்பறம்தான் சோறு, அளந்து ஒரு கப். எல்லாருக்கும் ஒரே சமையல். ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் பன்னீரும் கொட்டிக் கெடக்கற ஊர்ல இருந்துகிட்டு புரதத்துக்கு டப்பா பவுடர் தேடறவங்களை என்ன சொல்றது? (சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுத்துக்கறவங்க மட்டும் சோத்தளவைக் குறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.)

அப்பறம் டீ. ஆபீஸ்ல நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சீனி. கூட்டினா 40 கிராம். 25-க்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அரிசியை விட்ட ஆசாமிகள் ஒருத்தராவது இந்தச் சீனியை விட்டுப் பாத்திருக்கீங்களா?

இதெல்லாத்தையும் விட எனக்கு உறைச்சது அம்மா விசயம். கும்பகோணத்துல மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாங்க. ஆனா காலையில கோயில், அப்பறம் மார்க்கெட், சாயங்காலம் திரும்பக் கோயில். எல்லாம் நடைதான். இங்கே ஒம்பதாவது மாடிக்குக் கூட்டிட்டு வந்து சோபாவுல உக்கார வெச்சு ரிமோட்டைக் கையில குடுத்தேன். ஆறு மாசத்துல அம்மாவோட சர்க்கரை ஏறிடுச்சு. அதே அம்மா, அதே பொன்னி அரிசி. அப்பவும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "அம்மா, நீயும் சப்பாத்திக்கு மாறிடு"ன்னேன்.

"ஏன்டா, எனக்குச் சோறு ஒத்துக்கலையா, உன் வீடு ஒத்துக்கலையா?"ன்னாங்க.

பதில் சொல்ல முடியல. வாரத்துக்கு 150 நிமிச நடைன்னு நாம பேசறது அவங்களுக்கு ரெண்டே நாள் கணக்கு. அதைப் பிடுங்கினது நான். நவம்பர், டிசம்பர்ல இந்த ஊர்ப் புகையில வெளியே நடக்கச் சொல்லவும் பயம். அந்த ரெண்டு மாசமும் வராந்தாவுலயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை, நானும் கூட. பிப்ரவரி வந்து காத்து தெளிஞ்சதும் கீரை வாங்கற பொறுப்பை அவங்ககிட்டயே விட்டுட்டேன். அம்மாவுக்கு ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாது. கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டிக்காரன்கிட்ட வெந்தயக்கீரைக் கட்டைத் தூக்கிக் காட்டி, "இது என்னப்பா, இவ்ளோ சின்னதா இருக்கு?"ன்னு தமிழ்ல சண்டை. அவன் சிரிச்சுகிட்டே இன்னொரு கட்டு போடறான். கட்டு பெருசா இருந்தாலும் அம்மா அதையேதான் கேக்கறாங்க. தினம் ரெண்டு தடவை கீழே போறாங்க.