லயத்துல பார்த்த பாட்டு

சக்தி டிவி 1998ல வந்த புதுசு. வாப்பா எங்க வீட்டுக்கு டிவி எடுக்கல. ஸ்கூல் விட்டதும் கூட்டாளியோட லயத்துக்கு ஓடுவேன். கார் பெட்டரியில ஓடுற கறுப்பு வெள்ளை டிவி. முன்னால இருபது முப்பது பேர். படம் ஆடினா ஒருத்தர் கூரையில ஏறி அன்டனாவைத் திருப்புவார். ரஹ்மான் பாட்டு வந்தா யாரும் மூச்சு விட மாட்டோம். கூட்டாளியோட அம்மா எனக்கும் ஒரு பிளேன்டீ தருவாங்க.

"இப்ப உள்ள பிள்ளைகளுக்கு ரசனை இல்ல" என்று நம்ம வயசுக்காரங்க சொல்றாங்க. நான் ஏத்துக்க மாட்டேன். நாம ரசிச்ச பாட்டுகள்ல தேயிலை மலை இருந்துச்சு, நாயகனும் நாயகியும் ஆடினாங்க. கொழுந்து எடுக்கிறவங்க தூரத்துல புள்ளியா நின்னாங்க. லயத்துக்குள்ள இருந்து பார்த்த நமக்கே அது உறுத்தல.

போன வாரம் என் மாணவி ஒருத்தி ஃபோன்ல எடுத்த பாட்டு வீடியோவைக் காட்டினா. அவட அம்மா கொழுந்து நிறுக்கிற இடம், பீலித் தண்ணி, காம்பரா வாசல். அம்மாதான் அதுல நாயகி. "சேர், வீட்டுல இன்னும் காட்டல, ஏசுவாங்க" என்றா.

பெற்றோரே, ஃபோனைப் பறிக்க முந்தி, பிள்ளை எடுத்ததை ஒரு தரம் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. நம்ம பழைய பாட்டெல்லாம் யூடியூப்ல பத்திரமா இருக்கு. சேர்ந்து பார்த்த அந்தக் கூட்டம்தான் இப்ப இல்ல.