பாடம்செய்த எறும்புதின்னி

காட்டுயிர்ப் புகைப்படத்தைத் தொழிலாக்கிக்கொள்வது எப்படி என்று இப்போது வகுப்பு எடுக்கிறார்கள். எந்த லென்ஸ், எந்த மாதத்தில் எந்தச் சரணாலயம், எந்தப் போட்டி, படத்தை யாரிடம் விற்பது — எல்லாம் உண்டு. மிருகத்தைப் பற்றித்தான் பேச்சில்லை. தொழில் என்ற சொல்லோடு எனக்குப் பகையில்லை. பிறர் பணத்தை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் வவுச்சரில் பொய்க் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் என் வேலை போய்விடும்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில், 2017இல் ஒரு பிரிவின் பரிசை வென்ற படம் இது: பிரேசிலின் ஏமாஸ் தேசியப் பூங்கா, இரவு, ஒளிரும் கறையான் புற்று, அதை நெருங்கும் எறும்புதின்னி. 2018இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அது பூங்காவின் பார்வையாளர் மையத்தில் வைத்திருந்த, பாடம்செய்த எறும்புதின்னியாகவே இருக்க வேண்டும் என்று 5 நிபுணர்கள் தனித்தனியே பார்த்துச் சொன்னார்கள். எடுத்தவர் மறுத்தார். 2009இல் அதே போட்டியின் தலைப்பரிசு, 10,000 பவுண்டு, வேலி தாண்டும் ஓநாய்க்குப் போயிற்று. அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று 2010இல் அதையும் ரத்து செய்தார்கள். அவரும் மறுத்தார்.

இவர்களை மோசடிக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். என்னை உறுத்துவது நடுவர்களின் கண். பஞ்சடைத்த உடல் ஏன் அவர்களுக்கு உயிரோடு தெரிந்தது? அந்தப் பிராணி எப்படி நடக்கும் என்பதல்ல, அதன்மேல் ஒளி எப்படி விழுகிறது என்பதே அங்கே விசாரணை. ஆந்தைமுன் எலியை விட்டு எடுக்கும் படமும், கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டு எடுக்கும் படமும் இதே ரசனையின் பிள்ளைகள். அவற்றில் பிராணி இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மா. கிருஷ்ணன் (1912–1996) வேறு ஜாதி. 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 தொடங்கிச் சாகும்வரை இயற்கைக் குறிப்புகள் எழுதினார். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைத் தாமே பொருத்திக்கொண்டு கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் பற்றிய அவருடைய கள ஆய்வு 1970களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவருக்குப் படம் என்பது சாட்சியம். எழுதியதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது. நம் இலக்கிய நண்பர்களோ அவரை மாதவையாவின் மகன் என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். (அவர் தமிழிலும் எழுதியவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?)

முடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. லண்டன் நடுவர்களின் கண்தான் நமக்கும். நம் புதுக்கவிதையில் பறவை இல்லாத பக்கம் அபூர்வம். சிறகு உண்டு, வானம் உண்டு, தனிமை நிச்சயம் உண்டு. புழு கொத்தும் அலகு மட்டும் கிடையாது. படிமம் என்கிறார்கள். அது மைனாவா, கரிச்சானா, எந்த மரத்தில் உட்கார்ந்தது என்று கேட்டால் கவிஞருக்குக் கோபம் வருகிறது.